நீலப் பாதையும் கறுப்புப் பாதையும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், நள்ளிரவு கடந்த வேளையில் எமது வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அகாலத்தில் ஒலிக்கும் மணி நல்ல செய்தியைக் கொண்டுவருவதில்லை என்பதைக் குடும்பஸ்தர் யாவரும் அறிவர். பேசியவன் சுவிற்சர்லாந்திலே பிறந்து வளர்ந்த எமது தமக்கையாரின் மகன். விடுமுறைக்காகக் கனடாவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தவன், அங்குள்ள வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடி பேசினான்.

"மாமா, பயப்பட வேண்டாம். பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்திலே கால் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் நடக்கலாம் என்கிறார்கள். ஆனால் மாமா, நான் கறுப்புப் பாதைக்குப் போகவில்லை. நீலப் பாதைதானே என்று நம்பித்தான் போனேன்!"

அவன் வேதனைப்பட்டது எலும்பு முறிந்ததற்காக மட்டும் அன்று. தான் அடக்கத்தோடு நடந்தும் ஏமாந்துவிட்டோமே என்பதே அவனது பெருங்குறை. திருகோணமலையில் வாழும் நாம் பனிக்கட்டியைக் கண்டதெல்லாம் மீன் சந்தையிலேதான். ஆதலின் நீலப் பாதை எது, கறுப்புப் பாதை எது என்பது அப்போது எமக்கு விளங்கவில்லை. பிறகு அவனிடமே கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்த சில விஷயங்கள், பனியே காணாத நமது துறைமுகப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று தோன்றியமையால் அவற்றை இங்கே எழுதுகின்றோம்.

மலைக்கு நிறம் பூசிய கதை

பனி மூடிய மலைச்சரிவிலே காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு இறங்குவது, குளிர் நாடுகளில் ஒரு காலத்தில் பிரயாணத்துக்குரிய வழியாக இருந்தது. நோர்வே மக்கள் அப்பலகைக்கு வழங்கும் பெயர், பிளந்த மரத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததாகும். பிற்காலத்தில் அது விளையாட்டாக மாறியது. மலைமேல் ஏறுவதற்கு இயந்திர இழுவைகளும் கம்பித் தொட்டில்களும் வந்தபின், ஏறத் தெரியாதவனும் உச்சிக்குச் சென்றுவிடலாம் என்றாயிற்று. முன்னாளில் ஏறும் சிரமமே இறங்கும் தகுதியை ஒருவாறு சோதித்துவிட்டது. அந்தச் சோதனை நீங்கியபின், இறங்கும் தடங்களைக் கடினத்தின்படி வகுத்து அறிவிக்க வேண்டிய அவசியம் உண்டாயிற்று.

ஐரோப்பிய மலைகளில் இவ்வகுப்பு நிறங்களால் அமைந்துள்ளது. நீலம் எளிய தடம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸ் முதலிய சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே, புதிதாகப் பழகுவோருக்கென்று பச்சை நிறமும் உண்டு. ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் இதற்குக் கணக்கும் உண்டு. கிடையாக 100 மீற்றர் செல்லும்போது 25 மீற்றருக்கு மேல் இறங்காத தடம் நீலம். 40 மீற்றர் வரை இறங்குவது சிவப்பு. அதற்கும் மேற்பட்டது கறுப்பு. இடையிலே சிறு தூரத்துக்கு விதிவிலக்கு உண்டு. திரிகோண கணிதம் படிக்கும் மாணாக்கர் பாகைகளாக மாற்றிப் பார்க்கலாம். 25 வீதச் சரிவு ஏறத்தாழ 14 பாகை. 40 வீதச் சரிவு ஏறத்தாழ 22 பாகை. காகிதத்திலே இது சிறு கோணமாகத் தோன்றும். காலில் வழுக்கும் பலகையைப் பூட்டிக்கொண்டு விளிம்பில் நிற்பவனுக்கே அதன் பொருள் தெரியும்.

வட அமெரிக்காவில் வேறு முறை. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கப் பனிச்சறுக்குத் தலங்களின் தேசிய சங்கம் ஒரு பொது அடையாளத்தை ஏற்றுக்கொண்டது. பச்சை வட்டம் எளியது. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்புச் சாய்சதுரம் கடினம். இரட்டைக் கறுப்புச் சாய்சதுரம் மிகக் கடினம். கனடாவிலும் இதுவே வழக்கு.

இப்போது எமது மருமகனின் கால் முறிந்த காரணம் வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். சுவிற்சர்லாந்திலே பள்ளிப் பிள்ளைகளைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கு அவன் கற்ற பாடம் 'நீலம் என்றால் எளியது' என்பதே. கடலைக் கடந்து சென்றபின் அதே நீலம் ஒரு படி ஏறி நடுத்தரமாகிவிட்டது. பலகை பொய் சொல்லவில்லை. பையனும் பிழை செய்ய எண்ணவில்லை. ஒரு நாட்டில் கற்ற எழுத்தை மற்றொரு நாட்டிலும் அவ்வாறே வாசித்தான், அவ்வளவுதான்.

நிறம் சொல்லாதவை

வேறொரு நுட்பமும் உண்டு. இந்நிறங்களை உலகம் முழுவதற்கும் பொதுவாக அளந்து பூசும் அதிகாரி எவருமில்லை. அமெரிக்க முறையில் ஒவ்வொரு மலையும் தன்னிடமுள்ள தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே வகுக்கின்றது. ஆகவே ஒரு சிறு குன்றின் கறுப்புத் தடம், ஒரு பெருமலையின் நீலத் தடத்தைவிட எளிதாக இருத்தல் கூடும். சிறு பள்ளியில் முதலாம் பிள்ளை, பெரும் பள்ளியில் பத்தாம் பிள்ளையாவது போலத்தான் இதுவும்.

படமும் அப்படியே. மலையின் எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் காட்டவேண்டிய ஓவியன், மலையைச் சற்றே திருப்பியும் விரித்தும் வரைகின்றான். ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ரிக் பெரான் இத்தகைய மலைக்காட்சிப் படங்களிற் புகழ்பெற்றவர். அமெரிக்கரான ஜேம்ஸ் நீஹூஸ், விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு, ஏறத்தாழ 200 பனிச்சறுக்குத் தலங்களின் தடங்களைக் கையினாலேயே தீட்டினார். மரத்தின் நிழலையும் பனியின் மடிப்பையும் ஒவ்வொன்றாகத் தீட்டிய அப்படங்கள் அழகும் பயனும் உடையவை. ஆயினும் அவை அளவுகோல் வைத்து அளப்பதற்கு உரியவை அல்ல. வழி காண்பதற்கு உரியவை.

அன்றியும், காலையில் மெத்தென்றிருந்த பனி மாலையில் உறைந்து கண்ணாடியாகும். காற்று எழுந்தால் கண் தெரியாது. இவை எவற்றையும் தடத்தின் நிறம் அறிவிக்காது. பனிச்சரிவு அபாயத்துக்கு ஐரோப்பாவிலே 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட பொது அளவை வழங்கிவருகின்றது. இதில் நாம் கவனித்த ஒரு செய்தி உண்டு. உயிரிழப்பிற் பெரும்பங்கு நேர்வது ஐந்தாம் படியில் அன்று. நடுவிலுள்ள மூன்றாம் படியிலேதான். ஐந்தாம் படி அறிவிக்கப்பட்ட நாளில் யாவரும் வீட்டில் இருந்துவிடுகின்றனர். மூன்று என்றால், 'நடுத்தரந்தானே' என்று புறப்பட்டுவிடுகின்றனர். பேரச்சம் காப்பாற்றுகின்றது; அரைத் துணிவு கொல்லுகின்றது.

நமது பக்கத்து நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரத்துக் குல்மார்க், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்திலுள்ள புல்வெளி. 1927ஆம் ஆண்டிலே ஆங்கிலப் படை அதிகாரிகள் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினர். 1998இல் கம்பித் தொட்டிலின் முதற் பகுதியும், 2005இல் இரண்டாம் பகுதியும் திறக்கப்பட்டன. இரண்டாம் பகுதி அபர்வத் மலையில் 4,000 மீற்றரை அண்டிய உயரத்துக்குச் செல்கின்றது. உலகெங்குமிருந்து வீரர் அங்கு வருவதற்குக் காரணம், பண்படுத்தப்பட்ட தடங்களுக்கு அப்பாலுள்ள கன்னிப்பனியே. அந்த வெளிக்கு நிறமில்லை. 2023 பெப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் அகப்பட்டுப் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

துறைமுகத்து நிறங்கள்

'இவையெல்லாம் பனிநாட்டு விஷயம், நமக்கென்ன?' என்று கேட்போர் ஒருமுறை உட்துறைமுக வீதியில் நின்று கடலை நோக்குவார்களாக. அங்கே நீரில் ஆடும் மிதவைகளுக்கும் நிறம் உண்டு. நமது நாட்டு முறைப்படி, கடலிலிருந்து துறைமுகத்துள் நுழையும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவையும் வலப்புறம் பச்சை மிதவையும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே கப்பலுக்குரிய வாய்க்கால்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்ததன்று. 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை உலகத்தில் 30க்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழங்கின. 1971இல் டோவர் நீரிணையிலே ஒரு கப்பல் மோதுண்டு மூழ்கியது. மறுநாளே மற்றொரு கப்பல் அந்தச் சிதைவின்மீது மோதி மூழ்கியது. சிதைவைச் சுற்றி அடையாளங்கள் இட்ட பின்னரும், சில வாரங்களில் மூன்றாவது கப்பலும் அதே இடத்தில் அழிந்தது. மாண்டவர் மொத்தம் 51 பேர். இதன்பின்னரே நாடுகள் விழித்துக்கொண்டு, 1980இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் அப்போதும் உலகம் ஒன்றாகவில்லை; இரண்டாயிற்று! ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியாவின் பெரும்பகுதி ஆகியவற்றில் இடப்புறம் சிவப்பு. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் இடப்புறம் பச்சை. எமது மருமகனின் நீலப் பாதையின் கதையே கடலிலும் நிகழ்ந்திருக்கின்றது.

எனினும் கடலோடிகள் ஒரு நற்காரியம் செய்தனர். இரு பிரிவிலும் நிறம் மாறினாலும் உருவம் மாறவில்லை. இடப்புற மிதவை உருளை வடிவம். வலப்புற மிதவை கூம்பு வடிவம். நிறத்தை மட்டும் நம்புகின்றவன் ஏமாறலாம். உருவத்தையும் நோக்குகின்றவன் தப்புவான். அமெரிக்கப் பனிமலைகளில் வட்டம், சதுரம், சாய்சதுரம் என்ற வடிவங்கள் நிறத்தோடு சேர்ந்திருப்பதன் நன்மையும் இதுவே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆடவரிற் சிலர் எங்கும் உளர் அன்றோ?

திருகோணமலை உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் ஒப்புவிப்பர். அதன் ஆழமே அதன் சிறப்பு. கொட்டியாரக்குடாவின் வாயிலருகே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்கின்றது. இத்துணை நல்ல துறையிலும் வழி தெரியாதவனுக்கு இடர் உண்டு. 1782 செப்டெம்பரில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் இக்கடலில் ஆங்கிலேயரோடு பொருதபின், அவனது படையைச் சேர்ந்த 'ஓரியன்ற்' என்ற போர்க்கப்பல் துறைமுகத்துள் திரும்பி நுழைகையில் தரை தட்டி அழிந்தது. பகைவரின் பீரங்கிக்குத் தப்பியது, வீட்டு வாயிற்படியில் விழுந்துவிட்டது.

கடினத்தை அளக்கும் கலையைப் பனிமலைக்காரருக்கு முன்னரே கடலோடிகள் அறிந்திருந்தனர். 1805இல் பிரான்சிஸ் போபோர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி காற்றை 0 முதல் 12 வரை படிகளாக வகுத்தார். முதலில் அவர் கணித்தது காற்றின் வேகத்தை அன்று. அக்காற்றில் ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்கலாம் என்பதையே. அஃதாவது, 'காற்று எத்தகையது?' என்று மட்டும் கேளாமல், 'இக்காற்றை நம் கப்பல் தாங்குமா?' என்று கேட்டார். நல்ல அளவை யாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்வியே.

வகுப்பறையில் ஒரு வரைபடம்

இவ்வளவும் அறிந்தபின் எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. புவியியல் பாடவேளையில் பத்தாம் வகுப்பு மாணவரிடம் நமது கடற்கரையின் வெற்றுப் படத்தைக் கொடுத்தோம். "நீந்துவோருக்கு எளிய இடம் பச்சை, கவனம் வேண்டிய இடம் நீலம், இறங்கக் கூடாத இடம் கறுப்பு. உங்களுக்குத் தெரிந்தபடி நிறம் தீட்டுங்கள்" என்றோம்.

நகரத்துப் பிள்ளைகள் உட்துறைமுகக் கரை முழுவதையும் பச்சையாக்கிவிட்டனர். அலை இல்லையே! கரைவலைக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சேர், அலை இல்லாத இடமென்றால் பயமில்லை என்று நினைக்கக்கூடாது. சில இடத்தில் நாலு எட்டு வைத்தால் நிலை கொள்ளாது" என்றான். அவன் சொன்னது உண்மை. ஆழ்ந்த துறைமுகம் கப்பலுக்கு நன்மை. நீந்தத் தெரியாத குழந்தைக்கு அதுவே தீமை. கப்பல் மாலுமிக்குப் பச்சையாய் இருப்பது பிள்ளைக்குக் கறுப்பாகின்றது.

அடுத்து உப்புவெளி, நிலாவெளிக் கரைகளைப் பற்றி விவாதம் எழுந்தது. பாதிப்பேர் பச்சை என்றனர். பாதிப்பேர் கறுப்பு என்றனர். மறுபடியும் அந்தப் பையனே தீர்த்துவைத்தான்: "கச்சான் காலத்தில் பச்சை, வாடைக் காலத்தில் கறுப்பு." ஒரே மணல், ஒரே நீர், காற்று மாறினால் நிறம் மாறுகின்றது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை குளம்போற் கிடக்கும் கடல், வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தவுடன் கரையையே அரிக்கின்றது. ஆகவே ஒரு படம் போதாதென்று இரண்டு படங்கள் வரையத் தீர்மானித்தோம்.

புறாமலையில் மூன்றாவது கேள்வி பிறந்தது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள அத்தீவும், அதைச் சூழ்ந்த பவளப்பாரும் 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்கே முகமூடி அணிந்து மேலே மிதப்பவனுக்கு ஒரு நிறம். காற்றுக் கலம் கட்டி மூழ்குபவனுக்கு வேறு நிறம். மூழ்கும் கலையிலும் படிகள் உண்டு. முதற் பயிற்சி முடித்தவனுக்கு 18 மீற்றர், அடுத்த பயிற்சிக்கு 30, விளையாட்டாக மூழ்குபவனுக்கு எல்லை 40 என்பன உலகில் பரவலாக வழங்கும் அளவுகள். பவளத்தைப் பொறுத்தவரை, அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு காலும் கறுப்பே என்று ஒரு மாணவி கூறியது எமக்கு மிகவும் பிடித்திருந்தது.

'பாதை' என்ற சொல்

பாடவேளை முடியும் தறுவாயில், அதுவரை வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் கிண்ணியாப் பக்கத்தைச் சேர்ந்தவன்.

"சேர், எங்களூர்ப் பாதைக்கு என்ன நிறம் போடுவது?"

வகுப்பு அமைதியாயிற்று. கிழக்கிலங்கையிலே ஆற்றையும் களப்பையும் கடப்பதற்கு, மிதவைகளின்மேல் பலகை பரப்பி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓடத்துக்கும் 'பாதை' என்றே பெயர். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் அத்தகைய பாதை ஒன்றிலேதான் மக்கள் நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் உயிர் துறந்தனர். அந்தச் செய்தி வந்த நாளை இம்மாவட்டத்தில் எவரும் மறந்திலர்.

எமக்கு உடனே விடை வரவில்லை. மலையுச்சியில் நிற்கும் பனிச்சறுக்குக்காரன் பலகையைப் பார்க்கின்றான். கறுப்பு என்றால் விலகி நீலத்தில் இறங்குகின்றான். அதுவும் வேண்டாமென்றால் தொட்டிலில் ஏறித் திரும்பிவிடுகின்றான். அவனுக்குத் தெரிவு உண்டு. புத்தகப் பையோடு கரையில் நின்ற குழந்தைக்கு அத்தகைய தெரிவு ஏது? அக்கரையில் பள்ளிக்கூடம், இக்கரையில் வீடு, நடுவில் ஒரே பாதை. தெரிவு உள்ளவனுக்கே நிறம் துணைசெய்யும். தெரிவு இல்லாதவனுக்கு வேண்டியது நிறம் அன்று, பாலம். இதைத்தான் அவனுக்குச் சொன்னோம்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். பின்னர் படத்தில் அவ்விடத்துக்கு நிறம் தீட்டாமல் வெறுமையாக விட்டு, பக்கத்தில் அந்தத் திகதியை மட்டும் எழுதினான். இரண்டு படங்களும் எமது வகுப்பறைச் சுவரில் இப்போதும் தொங்குகின்றன. பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அந்த வெற்றிடத்தைப் பற்றியே.

பெற்றோருக்கும் மாணாக்கருக்கும்

இக்கட்டுரையால் நாம் வேண்டிக்கொள்வது சிறிதே. எந்த வழிகாட்டிப் படத்தைக் கையிலெடுத்தாலும், அது மலைப்படமாயினும் கடற்படமாயினும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த நிறத்துக்கு இவ்வூரில் என்ன பொருள்? இது எந்தக் காலத்துக்கு வரைந்தது? யாருடைய வலிமையை அளவாகக் கொண்டு வரைந்தது? மூன்றுக்கும் விடை தெரியாத இடத்தில் அவ்வூராரிடம் கேட்பதில் வெட்கமில்லை. வெளியூரிலிருந்து வரும் உறவினரைக் கடலுக்கு அழைத்துச் செல்லுமுன், கரையிலே வலை செப்பனிடும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். அவர் சொல்லும் செய்தி எந்தப் படத்திலும் இல்லாததாக இருக்கும். அயல்நாட்டிலே பனிமலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளோ, புதிய மலையில் முதல் இறக்கத்தை, தாம் பழகிய தடத்திலும் ஒரு படி குறைந்ததில் தொடங்கட்டும்.

எமது மருமகன் இப்போது நன்றாக நடக்கின்றான். ஆடி விடுமுறைக்கு இங்கே வருவதாகவும், புறாமலைக்குப் போக ஆசையென்றும் சென்ற வாரம் தொலைபேசியிற் சொன்னான். சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி ஒன்று கேட்டான்:

"மாமா, உங்கள் கடலில் எது எளிது, எது கடினம் என்று யாரிடம் கேட்கவேண்டும்?"

முறிந்த எலும்பு வீண்போகவில்லை என்று எமக்குத் தோன்றியது. கரைவலைக் குடும்பத்துப் பையனின் வீட்டுக்கு அவனை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கின்றோம்.